ரோல் நம்பர் முப்பத்து நாலு

செப்டம்பர் 5, திங்கள்

இது அப்பா கொடுத்த டைரி. கப்பல் ஏஜென்சிக்காரர்கள் ஜனவரியிலேயே லாரி டிரைவர்களுக்குக் கொடுத்தது. அப்பா சீட்டுக்கு அடியில் போட்டு மறந்துவிட்டு, போன வாரம்தான் தூசி தட்டி எடுத்துத் தந்தார். எட்டு மாதப் பக்கங்கள் காலி. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அன்றைக்குத் துறைமுகத்தில் கடல் எத்தனை மணிக்கு ஏறும், எத்தனை மணிக்கு வற்றும் என்று பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது. வரப்போகிற நாளைப் பற்றி இத்தனை நிச்சயமாக யாரும் எழுதி வைத்து நான் பார்த்ததில்லை.

பெயர் செண்பகவல்லி. ஊர் தூத்துக்குடி. பதினோராம் வகுப்பு, உயிரியல் பிரிவு, ரோல் நம்பர் 34. அப்பா ட்ரெய்லர் ஓட்டுகிறார், மாதத்தில் பத்து நாள் வீட்டில் இருந்தால் பெரிய விஷயம். அம்மா இறால் கம்பெனியில் தோல் உரிக்கிறாள். யாருக்காக இந்த அறிமுகம் என்று தெரியவில்லை. டைரி என்றால் இப்படி ஆரம்பிக்க வேண்டும் போல.

ஏழு மணிக்கு எழ நினைத்து எட்டே காலுக்கு எழுந்தேன். சோம்பேறித்தனம் கூடிவிட்டது.

செப்டம்பர் 7, புதன்

பஸ் ஸ்டாப்பில் ரெக்சி என் தலையைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, காக்கா கூடு கட்டுச்சா?" என்றாள். ரெக்சி என்றால் ரெக்சலின். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. பஸ்ஸிலேயே என்னைத் திருப்பி உட்காரவைத்து இரட்டைச் சடை பின்னி, ரிப்பனை மடித்துக் கட்டினாள். தலை வாருவது இத்தனை வேலை என்று முன்பெல்லாம் எனக்குத் தெரியவே தெரியாது. கையைத் தூக்க வேண்டும், வகிடு எடுக்க வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே அளவாகப் பிரிக்க வேண்டும். நினைத்தாலே படுத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அட்டெண்டன்ஸில் ஒரு வேடிக்கை. அமலி மிஸ் தலை நிமிராமல் நம்பர் கூப்பிடுவார். "தர்ட்டி த்ரீ" என்றதும் ரெக்சி "ப்ரெசன்ட் மிஸ்" என்றாள். அடுத்து "தர்ட்டி ஃபோர்." நான் வாயைத் திறந்தேன். சத்தம் கிளம்பி வருவதற்கு நேரமாகிறது என்று நினைத்தேன், வரவே இல்லை. ரெக்சி குரலைக் கொஞ்சம் மெல்லிசாக்கி எனக்கும் சேர்த்து "ப்ரெசன்ட் மிஸ்" என்றுவிட்டாள். மிஸ் டிக் அடித்தார்.

"நாளைலேருந்து நானே சொல்லுதேன். நீ சும்மா இரு" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். அவள் சிரித்தாள்.

செப்டம்பர் 8, வியாழன்

ஒன்றுமில்லை.

செப்டம்பர் 14, புதன்

விலங்கியல் ரெக்கார்டில் கரப்பான்பூச்சி வரைய வேண்டும். போன வருஷம் வரை வகுப்பில் பாதிப் பேருக்கு நான்தான் வரைந்து கொடுப்பேன். இதயம், சிறுநீரகம், செம்பருத்தியின் குறுக்குவெட்டு எல்லாம் என் கையில் தண்ணீர் பட்ட பாடு. பதிலுக்கு மிட்டாய், சமோசா. இப்போது பென்சிலைச் சீவி வைத்து ஒரு மணி நேரம் அதன் முனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முனை அழகாக இருந்தது.

ரெக்சி என் நோட்டை வாங்கிக்கொண்டு போய் வரைந்து வந்தாள். அவளுக்கு வட்டமே கோணலாகத்தான் வரும். ஆறு கால் முளைத்த தோணி ஒன்று என் ரெக்கார்டில் கரை ஒதுங்கியிருந்தது. மிஸ் பார்த்துவிட்டு, "என்ன செண்பகவல்லி, கையில அடி பட்டுச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கையெழுத்துப் போட்டார். தப்பித்துவிட்ட சந்தோஷத்தில் ரெக்சி பெஞ்சுக்கு அடியில் என் விரலைப் பிடித்துக் கிள்ளினாள். அவளுக்கு என்னைக் காப்பாற்றுவது ஒரு விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது. எனக்கும் சௌகரியம்தான்.

என் டிபன் பாக்ஸையும் அவள்தான் காலி செய்கிறாள். அம்மாவுக்குத் தெரிந்தால் வருத்தப்படுவாள், அதனால்.

செப்டம்பர் 18, ஞாயிறு

மத்தியானம் படுத்தால் சாயங்காலம் ஆகிறது. கனவில் கடல் எங்கள் தெருவுக்குள் வந்தது. அலை கிடையாது, சத்தம் கிடையாது. அடுப்படி வழியாக வந்து கட்டில் காலைத் தொட்டு மெல்ல ஏறியது. என் செருப்பு இரண்டும் மிதந்து வெளியே போயின. வெதுவெதுப்பாக இருந்தது. யாராவது எழுப்பிவிடப் போகிறார்களே என்ற கவலை மட்டும்தான்.

எழுப்பியது அம்மாவின் கை. நாள் முழுவதும் ஐஸில் கிடக்கிற கை. வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம் ஆனாலும் விரல்கள் சில்லென்று, தோல் ஊறிச் சுருங்கிப் போயிருக்கும். அதை என் நெற்றியில் வைத்து, "காய்ச்சலும் இல்லயே" என்றாள். எனக்கு ரத்தம் கம்மி என்பது அவள் முடிவு. மாதுளம்பழம், முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் என்று வரிசையாக வருகிறது. இன்று கல் உப்பும் மிளகாயும் எடுத்து மூன்று சுற்றுச் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் கருகியும் நெடியே வரவில்லை.

"பாத்தியா, எவ்வளவு கண்ணு பட்டிருக்கு" என்றாள்.

என்னை யார் கண் வைத்துப் பார்க்கப் போகிறார்கள். கண்ணாடியில் நானே என்னைச் சரியாகப் பார்த்து ஒரு மாதம் இருக்கும்.

செப்டம்பர் 27, செவ்வாய்

காலாண்டுத் தேர்வு. வேதியியல். பெயரும் நம்பரும் எழுதினேன். அதற்கு மேல் தாள் வெள்ளையாக இருந்தது, உப்பளத்தில் மத்தியான வெயில் அடிக்கிற மாதிரி கண் கூசியது. பார்த்துக்கொண்டே இருந்தேன். மணி அடித்துவிட்டார்கள்.

ரெக்சி கேட்டால் சுமாராக எழுதினேன் என்று சொல்ல வேண்டும்.

அக்டோபர் 6, வியாழன்

விடுமுறை. டைரியில் இன்று வற்றம் 4.20 என்று போட்டிருந்தது. உண்மைதானா என்று பார்க்கலாம் என்று ரெக்சி என்னைக் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். உண்மைதான். தண்ணீர் வெகுதூரம் உள்ளே போயிருந்தது. ஈர மணலில் பாசியும் சின்னச் சின்னச் சிப்பிகளும். வெயில் ஒரு மாதிரி மஞ்சளாக இருந்தது. யாரோ கழற்றிப்போட்ட ஒற்றைச் செருப்பில் ஒரு நண்டு உட்கார்ந்திருந்தது.

அங்கேதான் சொன்னேன். சொல்ல வேண்டும் என்று நினைத்துப் போகவில்லை. அவள் ஏதோ கேட்டாள், நான் பதிலுக்கு, "தினமும் படுக்கும்போது நாளைக்கு எந்திரிக்காம போயிட்டா நல்லாருக்கும்னு தோணுது" என்றேன். சாதாரணமாகத்தான் சொன்னேன். சொன்ன பிறகு எனக்கே கேட்டது.

ரெக்சி நடையை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "யாராச்சும் எதாச்சும் சொன்னாங்களா? வீட்ல சண்டையா? எவனாச்சுமா?" என்று கேட்டாள்.

"ஒன்னுமில்லட்டி. அதான் அசிங்கமா இருக்கு. ஒரு காரணமாச்சும் இருக்கணும்லா."

நான் அழவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது, இவள் யாரிடமாவது போய்ச் சொல்லிவிடுவாள் என்று. எங்கள் தெருவில் ஒரு அக்காவை மனநல டாக்டரிடம் கூட்டிப் போனதற்கு இன்றுவரை அவர்கள் வீட்டுக்கே கோட்டிக்காரி வீடு என்றுதான் பெயர். அதனால் கையை நீட்டினேன். சத்தியம் பண்ணு என்றேன்.

"எங்க வீட்ல சத்தியம் பண்ண மாட்டோம்னு ஒனக்குத் தெரியும்லா."

தெரியும். அவர்கள் வீட்டில் விளையாட்டுக்குக்கூடச் சத்தியம் பண்ணக் கூடாது. சின்ன வயதில் ஒரு தடவை சொல்லிவிட்டு அவள் அடி வாங்கியது எனக்குத் தெரியும்.

"அப்ப இனிமே ஒனக்கும் எனக்கும் ஒன்னுமில்ல" என்றேன்.

அவள் கடலைப் பார்த்தாள். என் உள்ளங்கையில் அடித்து, "எங்கம்மா மேல சத்தியம். யார்ட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள். அவள் கையெல்லாம் மணல்.

அக்டோபர் 7, வெள்ளி

ஏற்றம் 10.50. படுத்தபடியே மணி பார்த்தேன். இந்நேரம் அந்த நண்டை மூடியிருக்கும்.

அக்டோபர் 12, புதன்

அலமாரியை ஒழுங்குபடுத்தினேன். இரண்டு மாதமாக முடியாத வேலை, இன்று தானாக நடந்தது. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா, மாதுளம்பழம் வேல செய்யுது" என்றாள்.

இருபத்து நாலு கலர் பென்சில் பெட்டி கிடைத்தது. எட்டாம் வகுப்பில் மாவட்ட ஓவியப் போட்டியில் வாங்கியது. யாரையும் தொடவிட மாட்டேன். அதை ரெக்சிக்குக் கொடுத்தேன். "நெசமாவா? எனக்கா?" என்று நான்கு தடவை கேட்டாள். பஸ் இறங்கும்வரை மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே வந்தாள்.

கொடுப்பது எத்தனை லேசாக இருக்கிறது.

அக்டோபர் 19, புதன்

இந்த வாரம் ரெக்சிக்குக் கொடுத்தவை: சிப்பி ஒட்டிய சின்னப் பெட்டி, ஜியோமெட்ரி பாக்ஸ் (என்னுடையது புதுசு, அவளுடையதில் காம்பஸ் உடைந்துவிட்டது), நீலத் துப்பட்டா. அவள் ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டாள், ஆனால் பென்சில் பெட்டிக்குச் சிரித்த மாதிரி சிரிக்கவில்லை.

இன்று குடையைக் கொடுத்தேன். மடக்குக் குடை, அப்பா மும்பையிலிருந்து வாங்கி வந்தது. வானம் இரண்டு நாளாக இருட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

"மழைக்காலம் ஆரம்பிக்கப் போவுது. ஒனக்குக் குடை?" என்றாள்.

"எனக்கு எதுக்கு?"

சும்மா வந்த பதில்தான். ரெக்சி குடையைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். நிறுத்தத்தில் பஸ் வந்தது, ஏறவில்லை. அடுத்த பஸ்ஸும் வந்தது. "நீ போ. எனக்கு ஒரு வேல இருக்கு" என்றாள். ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தபோது அதே இடத்தில் குடையைக் கட்டிப்பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். பஸ் நகர நகர அவள் மெல்லத் தண்ணீருக்குள் இறங்குகிற மாதிரி எனக்குத் தோன்றியது. கண்ணாடியில் அழுக்கு, அதனால் இருக்கும்.

அக்டோபர் 20, வியாழன்

நான் பள்ளிக்கூடம் போகவில்லை. வயிற்றுவலி என்று சொல்லியிருந்தேன். அம்மா ஷிப்ட் முடிந்து வந்தாள். அவள் கையில் என் குடை.

வெளியே மழை இல்லை. குடை நனையவும் இல்லை. பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது.

அம்மா கத்தவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தாள். "அந்தப் புள்ள ரெண்டு மணிலேருந்து கம்பெனி கேட்டுல நிக்குதாம். வாச்மேன் உள்ள விடல. நான் வெளிய வாரேன், என்னக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு அப்படி அழுவுது."

"என்ன சொன்னா?"

"எல்லாம் சொன்னா."

நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தச் சில்லென்ற கை என் முதுகில் வந்து இருந்தது. எடுக்கவே இல்லை.

"நான் மாதுளம்பழமா வாங்கிப் போட்டேனே" என்றாள் அம்மா. பிறகு, "எங்கிட்ட ஏன்ளா சொல்லல?" என்றாள்.

உனக்கே கை மரத்துப்போகிறது, இதையும் எங்கே வைத்துக்கொள்வாய் என்று சொல்ல நினைத்தேன். "தெரியல" என்றுதான் வந்தது. அதற்கப்புறம் அழுதேன். எத்தனை நேரம் என்று தெரியாது. அம்மா இரவு என் பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள். அவள் மேல் இறால் வாசனை.

ரெக்சியை நான் மன்னிக்க மாட்டேன்.

அக்டோபர் 21, வெள்ளி

அம்மா லீவு போட்டு என்னைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். டாக்டரம்மா என்னிடம் கேள்வி கேட்டுவிட்டு நான் பதில் சொல்லும்வரை பேசாமல் இருந்தார். அவருக்கு அவசரமே இல்லை. வெளியே அத்தனை கூட்டம். அதனால்தான் சொன்னேன். சோம்பேறித்தனம் என்று நான் சொன்னதை மட்டும் அவர் எழுதிக்கொள்ளவில்லை. இது ஒரு நோய், மனச்சோர்வு என்று பெயர், மாத்திரை உண்டு, வாரம் ஒரு தடவை வந்து பேச வேண்டும் என்றார்.

அம்மா கேட்ட ஒரே கேள்வி, "சரியாயிருமாம்மா?"

"ஆகும். நாளாகும்" என்றார்.

மருந்துச் சீட்டை டிபன் பைக்குள் பாக்ஸுக்கு அடியில் வைத்து மறைத்துக்கொண்டு வந்தாள். தெரு முனையில் பக்கத்து வீட்டு அக்கா, "எங்க போயிட்டு வாரிய?" என்று கேட்டார். "புள்ளைக்கு உடம்பு சரியில்ல, டாக்டர்ட்ட காமிச்சுட்டு வாரோம்" என்றாள் அம்மா. குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

அக்டோபர் 24, திங்கள்

தீபாவளி. அப்பா வந்திருக்கிறார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பாக்கெட் கம்பி மத்தாப்பு வாங்கி வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அவரே கொளுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். மாத்திரையால் வாய் உலர்கிறது.

ரெக்சி இரண்டு தடவை வீட்டு வாசல்வரை வந்தாளாம். தூங்குகிறேன் என்று சொல்லச் சொன்னேன்.

அக்டோபர் 31, திங்கள்

பள்ளிக்கூடம் போனேன். கடைசி பெஞ்சுக்கு மாறிவிட்டேன். ரெக்சி திரும்பிப் பார்த்தாள். சுண்டுவிரலை நீட்டிக் காய் விட்டுவிட்டேன், ஆறாம் வகுப்புப் பிள்ளை மாதிரி. அட்டெண்டன்ஸில் வழக்கம்போல எனக்கும் சேர்த்து அவளே சொன்னாள். அதற்கும் கோபம் வந்தது. கோபம் வருவது பரவாயில்லை. ரொம்ப நாளாக எதுவுமே வராமல் இருந்தது.

நவம்பர் 3, வியாழன்

ரெக்சி மூன்று நாளாக வரவில்லை.

இன்று "தர்ட்டி த்ரீ" என்றதும் பதில் இல்லை. "தர்ட்டி ஃபோர்" என்றதும் பதில் இல்லை. என் தொண்டையில் ஏதோ கிளம்பியது, பாதியில் நின்றுவிட்டது. மிஸ் தலை நிமிராமல் அடுத்த நம்பருக்குப் போய்விட்டார். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே எனக்கு ஆப்சென்ட் விழுந்தது. அதற்கப்புறம் நான்கு பீரியட் இல்லாதவளாகவே உட்கார்ந்திருந்தேன். வகுப்புக்குள் தண்ணீர் ஏறி, மின்விசிறிக்குக் கீழே பச்சையாக நின்றது. எல்லோரும் அதற்குள் பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள். வெளியே மழை பெய்ததால் வெளிச்சம் அப்படி இருந்தது என்று பிறகு தெரிந்தது.

மத்தியானம் எங்கள் வகுப்புச் சகாயமேரி சொன்னாள். "அவ அம்மாவுக்கு டெங்கு. ப்ளேட்லெட் எறங்கிக்கிட்டே போவுதாம். அவ என்னன்னா, எல்லாம் என்னாலதான், நான்தான் சத்தியத்த மீறிட்டேன்னு சொல்லி அழுதுக்கிட்டு இருக்கா. என்னத்துக்கு அப்படிச் சொல்லுதான்னு யாருக்கும் தெரியல."

எனக்குத் தெரியும்.

நவம்பர் 5, சனி

காலையில் நானே எழுந்து தலை வாரினேன். வகிடு கோணல். இருக்கட்டும்.

அம்மாவிடம் சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். காய்ச்சல் வார்டுக்கு வெளியே பெஞ்சில் ரெக்சி, பப்பாளி இலைச் சாறு பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலை எண்ணெய் காணாமல் பறந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

"எதுக்கு வந்த?"

"ஆன்ட்டிக்கு எப்படி இருக்கு?"

"நேத்தைவிடக் கொஞ்சம் ஏறியிருக்காம். இன்னும் பயந்தான்ங்காங்க."

அவள் பின்னால் போய் உட்கார்ந்து அவள் முடியைப் பிரித்தேன். சிக்கெடுக்க எடுக்க அவள் தோள் குலுங்கியது.

"சொன்னா ஒங்கம்மாவுக்கு எதாச்சும் ஆயிரும்னு நெனச்சியாட்டி?" என்று கேட்டேன்.

"ம்."

"அப்படி நெனச்சுமா சொன்ன?"

"அன்னைக்குப் பூரா யோசிச்சேன்" என்றாள். முகத்தைத் திருப்பவில்லை. "எங்கம்மாவுக்கு ஒன்னுன்னா ஆஸ்பத்திரிக்காச்சும் தூக்கிட்டு வரலாம். ஒனக்கு ஒன்னுன்னா நான் எங்கட்டி போயித் தேடுவேன்?"

என் விரல்கள் பின்னலுக்குள் அப்படியே நின்றன. இத்தனை நாளும் அவள் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எதைப் பணயம் வைத்துக் கம்பெனி கேட்டில் போய் நின்றாள் என்று நான் ஒரு நிமிஷம்கூட நினைத்துப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது.

முன்னால் வந்து அவள் கையைப் பிடித்து விரித்தேன். என் கையை அதன் மேல் வைத்து, "நான் வாங்கின சத்தியத்த நானே திருப்பிக் குடுத்துட்டேன். ஒன்னும் கெடையாது. அது செல்லாது" என்றேன்.

"அப்படியெல்லாம் குடுக்க முடியுமா?"

"வாங்கினவ சொல்லுதேன்லா."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, "அப்ப நீயும் எனக்கு ஒன்னு சொல்லு. சத்தியமெல்லாம் வேண்டாம். சும்மா சொல்லு. மறுபடி அப்படித் தோணுனா மொதல்ல எனக்குச் சொல்லணும். நான் தூங்கினாலும் எழுப்பணும்."

தோன்றாது என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்லத் தோன்றவில்லை. "தோணுது. இன்னும் சில நாளு தோணுது" என்றேன். "சொல்லுதேன்."

அவள் சுண்டுவிரலை மடக்கி, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் நீட்டினாள். பழம். நானும் நீட்டினேன். பக்கத்தில் இருந்த ஒரு தாத்தா எங்களை வினோதமாகப் பார்த்தார்.

நவம்பர் 8, செவ்வாய்

ரெக்சியின் அம்மா நேற்று இட்லி கேட்டாராம். நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நாளை மறுநாள் ரெக்சி வந்துவிடுவாள்.

இன்று அவள் இடத்திலேயே போய் உட்கார்ந்தேன். "தர்ட்டி த்ரீ" என்றார் மிஸ். ஏற்கெனவே ஐந்தாறு நாள் ஆப்சென்ட், இதுவும் சேர வேண்டாமே என்று அவள் மாதிரியே மூக்கால் "ப்ரெசன்ட் மிஸ்" என்றேன்.

"தர்ட்டி ஃபோர்."

இப்போது என் முறை என்று எனக்கு உறைக்கவே இரண்டு நொடி ஆனது. "ப்ரெசன்ட் மிஸ்" என்றேன். குரலை மாற்ற மறந்துவிட்டேன். அதே மூக்கு.

இந்த வருஷத்தில் முதல் தடவையாக அமலி மிஸ் அட்டெண்டன்ஸ் நேரத்தில் தலை நிமிர்ந்தார். "ரெக்சலின் எங்க?"

சகாயமேரி சிரிப்பை அடக்க டெஸ்க்கில் கவிழ்ந்துவிட்டாள். நான் எழுந்து நின்றேன். "அவ இல்ல மிஸ். நான்தான் சொன்னேன்."

"அப்ப நீ யாரு?"

"தர்ட்டி ஃபோர் மிஸ். இருக்கேன்."

வெளியே நிற்கச் சொன்னார். வராந்தாவில் சுவரோரமாக நின்றேன். மழை சரிவாகப் பெய்து என் பாவாடை விளிம்பை நனைத்தது. மைதானம் முழுக்கத் தண்ணீர், ஆனால் அது மைதானத்திலேயே இருந்தது. இன்று ஏற்றம் எத்தனை மணிக்கு என்று டைரியில் பார்க்காமலேயே வந்துவிட்டேன். பைக்குள் அம்மா கட்டிக் கொடுத்த எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும். பங்குக்கு ரெக்சியும் இல்லை.

மணி பத்தரைதான் ஆகியிருந்தது. சாப்பாட்டு மணிக்கு இன்னும் இரண்டு பீரியட். எனக்குப் பசித்தது.